நாலாவது நிலையில் யாரும் உட்காருவதில்லையே, அது ஏன் ஒரு நிலை?

கேள்வி: மூன்றாம் ஆண்டு மாணவி, குளச்சல் பக்கம்

வணக்கம் அக்காமாரே. ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் எங்களுக்கு லேபர் வார்டு போஸ்டிங் தொடங்கியது. பிரசவத்தின் நான்கு நிலைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்றுதான் நினைத்திருந்தேன். வலி தொடங்கியதிலிருந்து கருப்பை வாய் 10 செ.மீ. திறக்கும் வரை ஒன்று, குழந்தை பிறக்கும் வரை இரண்டு, நஞ்சுக்கொடி விழும் வரை மூன்று, அதற்குப் பிறகு கண்காணிப்பு நான்கு. ஆனால் முதல் நாளே கட்டில் பக்கத்தில் நிற்கும்போது சிஸ்டர், "இந்த அம்மா இப்போ எந்த நிலையில இருக்காங்க?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார், எனக்குக் கைகால் நடுங்குகிறது. எதைப் பார்த்துச் சொல்வது?

இன்னொன்று. என் புத்தகத்தில் ஆக்டிவ் ஃபேஸ் (முதல் நிலையில் கருப்பை வாய் வேகமாகத் திறக்கும் பகுதி) 4 செ.மீ.-இல் தொடங்கும் என்று இருக்கிறது. வார்டில் 5 என்கிறார்கள். எதை எழுதுவது?

மூன்றாவது சந்தேகம்தான் எனக்குப் பெரியது. நஞ்சுக்கொடி வந்த பிறகு எல்லாரும் குழந்தையிடம் போய்விடுகிறார்கள், இல்லையென்றால் அடுத்த கட்டிலுக்கு. அந்த அம்மா தனியாகப் படுத்திருக்கிறார். புத்தகத்திலும் அரைப் பக்கம்தான். ஒன்றுமே நடக்காத ஒரு நேரத்தை ஏன் தனி நிலை என்று பிரித்தார்கள்? அடுத்த வாரம் வைவா (வாய்மொழித் தேர்வு) இருக்கிறது. அதற்காக மட்டும் கேட்கவில்லை, உண்மையாகவே புரியவில்லை.

பதில்: பி.எஸ்சி. கடைசி வருஷம், மார்த்தாண்டம்

வைவாவுக்கு மட்டும் சொல்கிறேன். முதல் நிலை முதல் பிரசவத்தில் சராசரியாக 12 மணி நேரம், அடுத்தடுத்த பிரசவத்தில் 6. இரண்டாவது நிலை முதல் பிரசவத்தில் 2 மணி நேரம், அடுத்ததில் அரை மணி. மூன்றாவது 15 நிமிஷம். ஊசி போட்டு முறையாகச் செய்தால் 5 நிமிஷத்தில் முடிந்துவிடும், 30 நிமிஷம் தாண்டினால் நஞ்சுக்கொடி உள்ளே தங்கிவிட்டது என்று பொருள். நான்காவதில் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இதைத் தடுமாறாமல் சொன்னால் பாதி மார்க். குழந்தையின் தலை இறங்கித் திரும்பும் வரிசையையும் கேட்பார்கள், பொம்மையும் இடுப்பெலும்பும் வைத்துச் செய்து காட்டப் பழகு. எங்களை அதில்தான் மாட்டினார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், பேச்சிப்பாறை வழி

மக்களே, உன் மூன்றாவது கேள்வியைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் நீ திணறிய இடத்திலிருந்து தொடங்குவோம்.

நான் 31 வருஷம் பிரசவ அறையில் இருந்தவள். பாதிக் காலம் மலையோரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மீதி ஓர் அரசு மருத்துவமனை. ரப்பர் பால் வெட்டும் வீட்டுப் பெண்களும் வந்தார்கள், கடற்கரைப் பெண்களும் வந்தார்கள். ஒருத்தியும் "எனக்கு லேபர் தொடங்கிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. "குறுக்கு கடுக்குது சிஸ்டரே" என்பார்கள். வீட்டில் மாமியார் சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருப்பார். அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பேறுகால வலி. சீரகம் வலியை நிறுத்துகிறதா என்பது வேறு விஷயம். ஆனால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பது என்ற அந்த யோசனை சரியானது. பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும், ஓய்வெடுத்தால் குறையும், கருப்பை வாய் அப்படியே இருக்கும். மெய்யான வலி குறுக்கில் தொடங்கி அடிவயிற்றுக்குச் சுற்றி வரும், நேரம் போகப் போக நெருங்கும், நீளும், பலக்கும். சளியோடு கொஞ்சம் ரத்தம் கலந்து படும். உள்ளே வாய் மெலிந்து திறக்கத் தொடங்கியிருக்கும்.

சிஸ்டர் கேட்டபோது உனக்கு வாய் வராததற்குக் காரணம், நீ அந்த அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றதுதான். சத்தத்தை வைத்து நிலையைச் சொல்ல முடியாது. 3 செ.மீ.-இல் கூரை அதிரக் கத்துகிறவர்களும் உண்டு, 9 செ.மீ.-இல் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறவர்களும் உண்டு. நாளை போனதும் ஒன்று செய். அந்த அம்மாவிடம் உன் பெயரைச் சொல், கேட்டுக்கொண்டு வயிற்றின் மேல்பகுதியில் உள்ளங்கையை விரித்து வை. கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிஷம் கையை எடுக்காதே. எத்தனை வலி வந்தது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நின்றது என்று எண்ணு. வலியின் உச்சத்தில் வயிற்றை விரலால் லேசாக அழுத்திப் பார். உன் மூக்கு நுனி மாதிரி அமுங்கினால் வலி லேசானது. தாடை மாதிரி இருந்தால் நடுத்தரம். நெற்றி மாதிரி அமுங்கவே மறுத்தால் பலமான வலி. 10 நிமிஷத்தில் 3, 4 வலி, ஒவ்வொன்றும் 40 விநாடிக்கு மேல், நெற்றிக் கடினம் என்றால் அவர் நன்றாக முன்னேறிக்கொண்டிருக்கிறார் என்று பி.வி. (விரலை உள்ளே விட்டுக் கருப்பை வாயைப் பார்ப்பது) பார்க்காமலே ஓரளவு ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்ல பி.வி. வேண்டும். அது 4 மணிக்கு ஒருமுறைதான், தேவையில்லாமல் விரலை விட்டால் கிருமியைத்தான் உள்ளே தள்ளுகிறோம். நடுவில் உள்ள அந்த நாலு மணி நேரம் உன் உள்ளங்கைதான். 10 நிமிஷத்தில் 5-க்கு மேல் வலி வந்தாலும், வலிக்கு நடுவில் வயிறு தளராமல் இருந்தாலும் உடனே சிஸ்டரிடம் சொல். அது குழந்தைக்கு மூச்சு முட்டுகிற சமாசாரம். குழந்தையின் இதயத் துடிப்பையும் அரை மணிக்கு ஒருமுறை கேட்க வேண்டும், 110-க்கும் 160-க்கும் நடுவில் இருக்க வேண்டும். வலி நடக்கும்போதும் அது அடங்கிய பிறகும் சேர்த்து ஒரு முழு நிமிஷம் கேள்.

முதல் நிலையின் கடைசி, அதாவது 8 செ.மீ. தாண்டியது, கண்ணுக்கே தெரியும். அதுவரை நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று "என்னைக் கீறி எடுத்துருங்க, என்னால முடியாது" என்பாள். வாந்தி வரும். தொடை நடுங்கும். உடம்பு வேர்க்கும். மருத்துவச்சிகள் காலத்திலிருந்தே தெரிந்த அடையாளம் இது. அவள் முடியாது என்று சொல்லும்போது முக்கால்வாசிப் பாதை கடந்துவிட்டாள் என்று அவளுக்கு நீ சொல்லு. அந்த நேரத்தில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் ஒரு சொல்லைக் காதில் வாங்கிக்கொள். "வெளிக்கு வருது சிஸ்டரே." இதைக் கேட்டதும் கக்கூசுக்கு அனுப்பிவிடாதே. குழந்தையின் தலை மலக்குடலை அழுத்தும்போது வருகிற உணர்வு அது. விளக்கைப் போட்டுக் கீழே பார். வலியோடு சேர்ந்து மூச்சில் முக்கல் சத்தம் கேட்கிறதா, ஆசனவாய் விரிகிறதா, அந்த இடம் உப்புகிறதா என்று பார். இருந்தால் இரண்டாவது நிலை வந்துவிட்டது, சிஸ்டரைக் கூப்பிடு. ஆனால் கருப்பை வாய் முழுதாகத் திறந்ததை உறுதி செய்யாமல் "முக்கு, முக்கு" என்று நீ தொடங்கிவிடாதே. திறக்காத வாயின் மேல் முக்கினால் அது வீங்கிக்கொள்ளும், தாயும் தளர்ந்துபோவாள்.

இரண்டாவது நிலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எல்லாரும் அங்கேதான் கூடி நிற்பார்கள், நீயும் நன்றாகப் பார்ப்பாய். 5 நிமிஷத்துக்கு ஒருமுறை குழந்தையின் துடிப்பு. யாராவது மேல் வயிற்றில் கைவைத்து அமுக்கிக் குழந்தையைத் தள்ளச் சொன்னால் செய்யாதே. அது பழைய பழக்கம், உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. கருப்பை கிழியலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் காயம் வரலாம்.

குழந்தை வந்ததும் துடைத்துத் தாயின் வயிற்றின் மேலேயே போடு. இன்னொரு குழந்தை உள்ளே இல்லை என்று வயிற்றைத் தடவி உறுதி செய்த பிறகு, ஒரு நிமிஷத்துக்குள் கருப்பையை இறுக்கும் ஊசியான ஆக்ஸிடோசின் 10 யூனிட் தொடையில் போவது முக்கியம். குழந்தை நன்றாக அழுதால் தொப்புள்கொடியைக் கட்ட அவசரப்பட வேண்டாம், 1 முதல் 3 நிமிஷம் பொறுத்தால் அந்த ரத்தம் குழந்தைக்குப் போகும். நஞ்சு பிரிந்ததற்கு அடையாளங்கள் உண்டு. கொடி வெளியே நீளும், திடுமெனக் கொஞ்சம் ரத்தம் வரும், வயிறு உருண்டு மேலே எழும்பும். கருப்பை இறுகியிருக்கும்போதுதான் கொடியை மெல்ல இழுக்க வேண்டும், மற்றக் கை இடுப்பெலும்புக்கு மேல் கருப்பையைத் தாங்கி மேல்நோக்கித் தள்ள வேண்டும். மெத்தென்று கிடக்கிற கருப்பையில் கொடியை இழுத்தால் கருப்பையே உள்பக்கம் வெளியே புரண்டு வந்துவிடும். படிக்கிற காலத்தில் சிஸ்டர் பக்கத்தில் இல்லாமல் கொடியைத் தொடாதே.

நஞ்சுக்கொடியைத் தட்டில் வாங்கியதோடு வேலை முடியாது. தாய்ப்பக்கத்தைத் திருப்பி உள்ளங்கையில் ஏந்து. பலாச்சுளை நெருக்கி அடுக்கியது மாதிரி 15 முதல் 20 பகுதிகள் இருக்கும். எங்காவது குழி விழுந்து பிய்ந்திருந்தால் ஒரு சுளை உள்ளே நிற்கிறது. பிறகு சவ்வைத் தூக்கிப் பிடித்துப் பார். ஓரத்தில் ரத்தக் குழாய் ஏதாவது ஓடிப்போய் பாதியில் அறுந்திருந்தால், தனியாக ஒரு சின்ன நஞ்சு உள்ளே தங்கியிருக்கலாம். கொடியின் வெட்டு முனையில் மூன்று குழாய், இரண்டு தமனி ஒரு சிரை.

சரி, இப்போது உன் கேள்வி.

2011, ஐப்பசி மழை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே ராத்திரியில் நாலு பிரசவம், நாங்கள் இரண்டு பேர். மூன்றாவதாகப் பெற்ற பெண்ணுக்கு அது இரண்டாவது பேறு. சுகப்பிரசவம். தையல் இல்லை, நஞ்சு முழுதாக வந்தது. 15 நிமிஷம் கழித்துப் பார்த்தேன், கருப்பை நன்றாக இறுகியிருந்தது, நோட்டில் எழுதினேன். அதற்குள் அடுத்த கட்டிலில் தலை தெரிகிறது என்று கூப்பிட்டார்கள். போய்விட்டேன். 40 நிமிஷம் இருக்கும். அந்தப் பெண்ணின் அம்மா கதவு வழியாக எட்டிப் பார்த்து, "மோளுக்குக் கண்ணு சொருகுது, வேர்த்து ஊத்துது" என்றார். ஓடிப்போய்ப் போர்வையை விலக்கினேன். மேலே பேடில் அதிகம் ரத்தம் இல்லை. முதுகுக்குக் கீழே கையை விட்டேன். ரப்பர் ஷீட்டில் குளமாக நின்றது. வயிற்றைத் தொட்டால் கருப்பை மாவு மாதிரி மெத்தென்று தொப்புளுக்கு மேலே, வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. கீழே மூத்திரப்பை பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கிறது. தேய்த்துக்கொண்டே கூப்பிட்டேன். குழாய் வைத்ததும் 700 மில்லிக்கு மேல் மூத்திரம் வந்தது. கருப்பை கைக்குள்ளேயே இறுகியது. ஆக்ஸிடோசின் டிரிப் போட்டு 108-இல் ஏற்றி, கூடவே நானும் ஏறி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வரை வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் போனேன். ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தாள். அந்தத் தாய் எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் ராத்திரிகளில் நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்றுமே நடக்காத நேரம் என்று எழுதியிருந்தாய். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சு பிய்ந்து வந்த இடத்தில் அந்தக் குழாய்கள் எல்லாம் வாய் திறந்தபடி கிடக்கின்றன. அவற்றைக் கட்டுவதற்கு நாம் நூல் போடுவதில்லை. கருப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. அவை இறுகும்போது நடுவில் போகிற குழாய்கள் நெரிபட்டு அடைகின்றன. அந்த இறுக்கம் தளர்ந்தால் கட்டு அவிழ்ந்த மாதிரிதான். மூத்திரப்பை நிறைந்து தள்ளினாலும் தளரும், உள்ளே ரத்தக்கட்டி தங்கினாலும் தளரும், நீண்ட வலியில் களைத்துப்போனாலும் தளரும். சாதாரணப் பிரசவத்தில் 500 மில்லி தாண்டினாலே அதிக ரத்தப்போக்கு என்று கணக்கு. நம் பெண்களில் ரத்தசோகையோடு வருகிறவர்கள் நிறைய. அவர்கள் அதைக்கூடத் தாங்க மாட்டார்கள்.

அதனால் அந்த முதல் இரண்டு மணி நேரம், 15 நிமிஷத்துக்கு ஒருமுறை. வயிற்றைத் தொடு, பந்து மாதிரி கெட்டியாகத் தொப்புள் அளவில் நிற்க வேண்டும். பேடைப் பார், முதுகுக்கும் பிட்டத்துக்கும் கீழே கையை விட்டுப் பார். நாடியைப் பிடி. பி.பி. கடைசியில்தான் இறங்கும், நாடி முன்னாடியே ஏறத் தொடங்கும். 84 இருந்தது 100 ஆனால் ஏன் என்று கேள். மூத்திரம் போனாளா என்று கேள். கருப்பை கல்லாக இருந்தும் ரத்தம் நிற்காமல் வந்தால் எங்கேயோ கிழிசல் இருக்கிறது என்று சொல்லி ஆளைக் கூப்பிடு. குழந்தையைப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத் தாயின் உடம்பிலேயே ஆக்ஸிடோசின் சுரந்து கருப்பை இறுகும்.

அந்த ராத்திரிக்குப் பிறகு ஓய்வு பெறும் வரை நான் ஒரு காரியத்தை விடவில்லை. பிரசவம் முடிந்ததும் கூட வந்த அம்மாவையோ அத்தையையோ உள்ளே கூப்பிட்டு, கையைப் பிடித்து அந்த வயிற்றின் மேல் வைப்பேன். "இது கல்லு மாதிரி இருக்கணும். மெத்துனு ஆச்சுன்னா, பிள்ளைக்கு வேர்த்துச்சுன்னா, நான் எங்க நின்னாலும் சத்தம் போட்டுக் கூப்பிடணும்." ஆள் பற்றாக்குறை என்பது எல்லா இடத்திலும் உண்டு. நம் 15 நிமிஷப் பார்வைக்கு அவர்கள் கை மாற்று இல்லை, ஆனால் நமக்கு இன்னொரு ஜோடிக் கண் கிடைக்கும். நீ மாணவி, உனக்குக் கேஸ் பொறுப்பு கிடையாது. அங்கே உட்கார நேரம் இருக்கிற ஒரே ஆள் நீதான். போய் உட்கார்.

பதில்: நர்சிங் ஆசிரியை, நாகர்கோவில்

சிஸ்டர் எழுதியதை என் மாணவிகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். 4-ஆ 5-ஆ என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

இரண்டும் இரண்டு படிவங்களின் கணக்கு. உன் புத்தகத்தில் உள்ள பழைய பார்ட்டோகிராஃப் (பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடம்) 4 செ.மீ.-இலிருந்து குறிக்கத் தொடங்கும். மணிக்கு 1 செ.மீ. என்று ஒரு எச்சரிக்கைக் கோடு, அதற்கு 4 மணி நேரம் வலப்பக்கத்தில் நடவடிக்கைக் கோடு. ஆனால் நன்றாகப் பிரசவிக்கிற பெண்களில் பலர் 5 செ.மீ. வரை மணிக்கு ஒரு செ.மீ. போவதே இல்லை என்று தெரிந்தது. மெதுவாகப் போகிறது என்று சொல்லித் தேவையில்லாமல் டிரிப் போடுவதும் கத்திக்குப் போவதும் நடந்தது. அதனால் 2018-இல் உலக சுகாதார நிறுவனம் ஆக்டிவ் நிலையை 5 செ.மீ.-இலிருந்து என்று மாற்றியது. 2020-இல் வந்த புதிய படிவத்தில் சாய்கோடே கிடையாது. ஒவ்வொரு செ.மீ.-க்கும் தனி நேரம்: 5-இல் 6 மணி நேரம் நின்றால் எச்சரிக்கை, 6-இல் 5 மணி, 7-இல் 3 மணி, 8-இல் இரண்டரை, 9-இல் 2. தாய்க்குத் துணை இருக்கிறாரா, குடிக்கக் கொடுத்தோமா என்பதற்கும் அதில் கட்டம் உண்டு. தேர்வில் எந்தப் படிவத்தை வைத்து எழுதுகிறாய் என்று முதல் வரியிலேயே குறிப்பிடு. வார்டில் அங்கே தொங்குகிற படிவம் எதுவோ அதன்படி நட. இரண்டையும் கலந்து நிரப்பினால்தான் தவறு.

பதில்: இரண்டு பிள்ளைகளின் அம்மா, குலசேகரம்

நான் நர்ஸ் இல்லை. என் மூத்தவன் பிறந்தபோது நீலக் கோட்டுப் போட்ட ஒரு பயிற்சிப் பிள்ளை மூன்று மணி நேரம் என் குறுக்கைத் தடவிக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை, அம்மாவும் வெளியே. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. "அடுத்த வலி வரட்டும் அக்கா, மூச்சை விடுங்க" என்ற அந்தக் குரல் மட்டும் இன்னும் காதில் நிற்கிறது. பிள்ளை பிறந்த பிறகு அவளையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். குளிர் மாதிரி உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பயந்துபோய்க் கிடந்தேன், யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. தங்கச்சி, அந்த நேரத்தில் நீ பக்கத்தில் இருந்தால் ஒரு போர்வை போட்டுவிட்டு இது சாதாரணம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லு.

கேள்வி கேட்ட மாணவி

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், நைட் டூட்டி. சிஸ்டர் அக்கா சொன்னபடி நேற்று ஓர் அம்மாவோடு கடைசி வரை உட்கார்ந்தேன். இரண்டாவது பிரசவம். அதிகாலை 3.52-க்குப் பெண் குழந்தை, நஞ்சு 3.58-க்கு. எழுந்து போகாமல் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்து ஒரு சீட்டில் குறித்தேன். அவருடைய அம்மாவின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக் காட்டினேன். முதலில் தயங்கினார், பிறகு கையை எடுக்கவே இல்லை. 4.45-க்கு நான் தொட்டபோது முன்பு இருந்த அளவுக்குக் கெட்டியாக இல்லை, கொஞ்சம் மேலே ஏறியும் இருந்தது. நாடி 88-இலிருந்து 96. சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் தேய்த்துவிட்டு, மூத்திரம் போக வைத்தார். மறுபடி தொட்டால் நெற்றி மாதிரி இருந்தது.

ஒரே ஒரு சந்தேகம். குழந்தையை மார்பில் போட்டதும் அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்று அழுதார். ஏதாவது உள்ளே தங்கியிருக்குமோ என்று பயந்தேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், பேச்சிப்பாறை வழி

அது பின்வலி, மக்களே. குழந்தை உறிஞ்சும்போது கருப்பை இறுகுவதால் வருகிறது. முதல் பேறில் அவ்வளவாகத் தெரியாது, இரண்டு மூன்று பெற்றவர்களுக்கு அதிகம். ரத்தம் அளவாக இருந்து, வயிறும் கெட்டியாக இருந்தால் பயமில்லை, இரண்டு மூன்று நாளில் குறையும். பால் கொடுக்கும் முன் மூத்திரம் போகச் சொல்லு, வலி கொஞ்சம் இளகும். ரொம்பத் தாங்கவில்லை என்றால் மாத்திரைக்கு டாக்டரிடம் கேள். அந்தச் சீட்டை எறிந்துவிடாதே, கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதி சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கு.